பழைய எஸ்யூவி, வழுக்கும் கியர்பாக்ஸ், பின்னால் ஒரு டிரெய்லர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் எஸ்யூவிக்கு 15 வயதாகிறது. 2,20,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, ஆறு கியர் ஆட்டோமேட்டிக். வருடத்தில் சில தடவை படகு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவோம், வழியில் நீளமான மலை ஏற்றம் ஒன்று உண்டு. போன பயணத்தில் சூடேறின பிறகு மூன்றிலிருந்து நாலுக்கு மாறும்போது இன்ஜின் மட்டும் உறுமிவிட்டு அப்புறம்தான் கியர் பிடித்தது. டிரெய்லர் இல்லாதபோதும் 60, 70 வேகத்தில் லேசாக மிதித்துக்கொண்டு போனால் வண்டி உதறுகிறது. ஒரு மெக்கானிக் ஆயில் மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் கியர்பாக்ஸை இறக்கி முழுசாக ஓவரால் பண்ணாவிட்டால் நடுவழியில் நிற்கும் என்கிறார். வீட்டில் விற்றுவிடலாம் என்கிறார்கள். கையேட்டில் 2,250 கிலோ வரை இழுக்கலாம் என்று போட்டிருக்கிறது, எங்கள் டிரெய்லர் 1,600 கிலோ இருக்கும் என்று நினைக்கிறேன். செலவு செய்யலாமா?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசியில் இருக்கும் "இருக்கும் என்று நினைக்கிறேன்" என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்தச் செலவைச் செய்வதா வேண்டாமா என்பதை முடிவு பண்ணப்போவது அந்த எடைதான். அது தெரியாமல் எந்த மெக்கானிக்கிடமும் பேரம் பேசப் போகாதீர்கள். படகு விற்றவர் சொல்லும் எடை பெரும்பாலும் வெறும் படகின் எடை. அதன் மோட்டார், எரிபொருள், பேட்டரி, நங்கூரம், டிரெய்லரின் சொந்த எடை, இது டிரெய்லரிலேயே கிடக்கட்டும் என்று ஏற்றும் சாமான்கள் எல்லாம் சேர்ந்தால் சில நூறு கிலோ கூடிவிடும். பயணத்துக்குக் கிளம்புகிற மாதிரியே எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்து, ஒரு எடைமேடைக்குப் போங்கள். வண்டியும் டிரெய்லருமாக ஒரு தடவை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு வண்டியை மட்டும் ஒரு தடவை, மறுபடி மாட்டி டிரெய்லரின் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒரு தடவை. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் டிரெய்லரின் உண்மையான எடை கிடைக்கும். அதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் வண்டியின் கொக்கி மேல் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்பது தெரியும்.

இந்தக் கொக்கி எடையைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது பரவலாகச் சொல்லும் அளவு (ஐரோப்பியச் சந்தைக்கான வண்டிகளில் அனுமதி இதைவிடக் குறைவாக இருக்கும், கொக்கியிலும் கையேட்டிலும் போட்டிருப்பதுதான் கடைசி வார்த்தை). 1,600 கிலோவுக்கு அது 160 முதல் 240 கிலோ, அவ்வளவும் வண்டி சுமக்கிற பாரம். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டியில் அதையும் சேர்த்தால், இழுவை எல்லையைத் தொடுவதற்கு முன்பே வண்டியின் மொத்த எடை எல்லை தாண்டிவிடுகிறது. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்தத்துக்கும் தனியாக ஓர் எல்லை உண்டு, அதையும் பாருங்கள்.

2,250 என்பது புது வண்டிக்குப் போட்ட எண் என்பதையும் மறக்க வேண்டாம். வட அமெரிக்காவில் 2008-ல் வெளியான, இழுவைத் திறனை அளக்கும் எஸ்ஏஇ ஜே2807 என்ற தரநிலையில் 38 டிகிரி வெயிலில், ஏசியை முழுசாகப் போட்டுக்கொண்டு, பாரத்தோடு நீண்ட ஏற்றம் ஏறிக் காட்டுவதும் ஒரு சோதனை. அப்போது ரேடியேட்டர் புதுசு, கிளட்ச் தட்டுகள் புதுசு, ரப்பர் சீல்கள் புதுசு. 15 வருடம் ஆன வண்டியில், அதுவும் மலைப்பாதையில், கையேட்டு எண்ணில் முக்கால் பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது என் கருத்து. உங்களுக்கு அது சுமார் 1,700 கிலோ. எடைமேடை 1,600 என்று காட்டினால் மேலே படியுங்கள். 2,000 என்று காட்டினால் இந்த வண்டியில் இந்தப் படகை இழுப்பதற்காகக் கியர்பாக்ஸுக்குச் செலவு செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

அடுத்து, கியர்பாக்ஸைத் தொடுவதற்கு முன் வண்டியைத் தூக்கி அடியில் பாருங்கள். படகு இழுக்கும் வண்டிக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் சரிவில் படகை இறக்கும்போது பின் சக்கரமும் சேசிஸின் பின்பகுதியும் தண்ணீரில் நனைகின்றன, உப்புத் தண்ணீரானால் கேட்கவே வேண்டாம். கொக்கிச் சட்டம் சேசிஸோடு போல்ட் ஆகிற இடம், பின் ஸ்பிரிங் பிடிக்கிற இடம், பிரேக் குழாய்கள் போகிற வழி, இந்த மூன்றையும் விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேசிஸை ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் மேல்துரு மட்டும் உதிர்ந்து உள்ளே கெட்டியாக இருந்தால் பரவாயில்லை. முனை உள்ளே இறங்கினாலோ தகடு தகடாகப் பெயர்ந்து வந்தாலோ, அந்தச் சேசிஸில் 1,600 கிலோவை மாட்டி மலை ஏறுவது உங்களுக்கும் பின்னால் வருகிறவர்களுக்கும் ஆபத்து. அதோடு இன்ஜின் ஆயில் குடிக்கிறதா, ஏற்றத்தில் கூலன்ட் சூடு மேலே போகிறதா, டிரெய்லரின் சொந்த பிரேக் வேலை செய்கிறதா என்பதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். இதில் ஒன்று பெரிய செலவு வைத்தாலும் கியர்பாக்ஸ் கணக்கே மாறிவிடும்.

சரி, இப்போது கியர்பாக்ஸ். நீங்கள் சொல்வது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால்தான் இரண்டு மெக்கானிக்கும் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

60, 70 வேகத்தில் லேசாக மிதிக்கும்போது வரும் உதறல் பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்சிலிருந்து வருவது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைப்பது கன்வெர்ட்டர். சீரான வேகம் வந்ததும் உள்ளே இருக்கும் ஒரு கிளட்ச் பிடித்து இரண்டையும் நேராகப் பூட்டிவிடும். ஆயிலின் உராய்வுக் குணம் கெட்டுப்போனாலோ அந்தக் கிளட்ச் தேய்ந்தாலோ பூட்டு பிடித்துப் பிடித்து விடும், அதுதான் உதறல். இதை நீங்களே சோதிக்கலாம்: உதறல் வந்துகொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை விடாமல் இடது காலால் பிரேக் விளக்கு எரிகிற அளவுக்கு மட்டும் பிரேக்கைத் தொடுங்கள் (பின்னால் யாரும் இல்லாத சாலையில்). பெரும்பாலான வண்டிகளில் உடனே லாக்கப் விட்டுவிடும். உதறலும் அதே நொடியில் நின்றால் கன்வெர்ட்டர் பக்கம்தான் சந்தேகம். நிற்கவில்லையென்றால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள், பெட்ரோல் இன்ஜினில் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் உதறும். ஒரு காயில் மாற்ற வேண்டிய இடத்தில் கியர்பாக்ஸை இறக்கிவிடக் கூடாது இல்லையா.

எனக்குக் கவலை தருவது மற்றொன்று. சூடான பிறகு மூன்றிலிருந்து நாலுக்குப் போகும்போது ஆர்பிஎம் எகிறுவது என்றால், ஒரு கிளட்ச் கட்டு (உராய்வுத் தட்டுகளின் அடுக்கு) விட்ட பிறகு அடுத்தது உடனே பிடிக்கவில்லை. அந்த அரை நொடியில் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி எரிகின்றன. சூட்டில் மட்டும் வருகிறது என்பது முக்கியமான தடயம். சூட்டில் ஆயில் இளகுகிறது, பழைய சீல் வழியாகவோ தேய்ந்த வால்வ் பாடி (ஆயிலை அந்தந்தக் கிளட்சுக்குத் திருப்பிவிடும் பாகம்) வழியாகவோ கசிகிறது, கிளட்சை அழுத்த வேண்டிய அழுத்தம் கிடைக்கவில்லை. தட்டே தேய்ந்திருக்கலாம், சோலனாய்டு (ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வு) சோம்பியிருக்கலாம், ஆயில் மட்டம் குறைந்திருந்தாலும் இப்படி ஆகும். எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அழுத்தமானி மாட்டி, சூடான நிலையில் லைன் பிரஷர் (கியர்பாக்ஸுக்குள் ஆயிலின் அழுத்தம்) பார்க்காமல் முழு ஓவரால் என்று சொல்கிறவரையும் ஆயில் போதும் என்கிறவரையும் நான் ஒரே தட்டில்தான் வைப்பேன்.

அந்தச் சோதனைக்கு முன்னால் கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டை (பேன்) கழற்றி ஆயிலைப் பார்ப்பது செலவு குறைந்த வேலை, பக்கத்தில் நின்று நீங்களே பாருங்கள். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். பழுப்பாக இருந்தால் வயதுதான். கறுத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கிறது. பால் கலந்த ரோஸ் நிறத்தில் இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து கூலன்ட் கலந்துவிட்டது, அது தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சையே பெயர்த்துவிடும், அப்போது இறக்குவதைத் தவிர வழி குறைவு. பேனின் அடியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை மாதிரி படிந்திருப்பது இத்தனை கிலோமீட்டருக்கு இயல்பே, பார்த்துப் பயப்பட வேண்டாம். விரலில் எடுத்துத் தேய்த்தால் நெருநெருவென்று துகள் தட்டுப்படுகிறதா, காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கம் பேனில் கிடக்கிறதா, கறுப்புச் செதில்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். துகள் என்றால் பல்சக்கரமோ பேரிங்கோ, மஞ்சள் என்றால் புஷ் (தண்டு சுழலும் வளையம்), கறுப்புச் செதில் என்றால் கிளட்ச் பூச்சு.

இங்கே இரண்டு மெக்கானிக்கும் சொல்லாத நடுவழி ஒன்று இருக்கிறது. ஆயில் கருகவில்லை, துகள் இல்லை, அழுத்தம் மட்டும் குறைகிறது என்றால் கோளாறு வால்வ் பாடியிலோ சோலனாய்டிலோ இருக்க வாய்ப்பு அதிகம், பல கியர்பாக்ஸ்களில் பேனைக் கழற்றினாலே வால்வ் பாடி கைக்கு வந்துவிடும், பெட்டியை இறக்கவே வேண்டாம். கையேட்டில் சொன்ன ரக ஆயிலைப் போட்டு, ஆயில் மட்டத்தைக் கையேடு சொல்லும் சூட்டில் சரிபார்த்து, தேய்மானத்துக்கு ஏற்ப கியர்பாக்ஸ் கணினி பழகிவைத்த பழைய தகவமைப்பை அழித்துப் புதிதாகக் கற்க விட்டால் உங்கள் இரண்டு கோளாறுமே சரியாகிவிடக்கூடும். ஒன்று மட்டும் கேளுங்கள்: வடித்து நிரப்பினால் பழைய ஆயிலில் பாதிக்கும் குறைவாகத்தான் வெளியே வரும், மீதி கன்வெர்ட்டரில் நிற்கும். அதனால் நடுவில் கொஞ்சம் ஓட்டி இரண்டு மூன்று முறை மாற்றச் சொல்லுங்கள். இந்த வயதில் அழுத்தம் கொடுத்து ஃப்ளஷ் செய்வது வேண்டாம், அடியில் படிந்த கசடு கிளம்பி வால்வ் வழிகளில் போய் அடைக்கும். ஆனால் ஆயில் கருகியிருந்தால் புது ஆயில் ஒரு தீர்வே இல்லை, எரிந்த தட்டு வளராது.

பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று வந்தால், அது ஏன் கெட்டது என்பதற்குப் பதில் கிடைக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். இழுவை வண்டிகளில் பெரும்பாலும் பதில் சூடுதான். ஏற்றத்தில் இன்ஜின் 80 கிலோவாட் கொடுக்கிறது என்று வையுங்கள், கன்வெர்ட்டர் பூட்டாமல் 15 சதவீதம் வழுக்கலில் போகிறது என்றால் 12 கிலோவாட் அப்படியே ஆயிலில் சூடாக இறங்குகிறது. வீட்டுக் குளியலறை வாட்டர் ஹீட்டர்கள் ஆறு, அந்தச் சில லிட்டர் ஆயிலுக்குள் ஒரே நேரத்தில் எரிகிற மாதிரி. ஆயில் சாதாரணமாக 80 முதல் 95 டிகிரியில் இருக்கும் (சில புதிய பெட்டிகள் 100-ஐ ஒட்டியே ஓடும்படி செய்யப்பட்டவை). 115-ஐத் தாண்டினால் அது வார்னிஷ் மாதிரிப் படிய ஆரம்பிக்கும், 125, 130-க்கு மேல் சீல்கள் இறுகும், 145-ஐ நெருங்கினால் தட்டுகள் வழுக்கும். போன பயணத்தில் உங்கள் ஆயில் எத்தனை டிகிரிக்குப் போனது? அநேகமாக உங்கள் டேஷ்போர்டு அதைக் காட்டியிருக்காது. வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி அடாப்டர் ஒன்றைச் செருகினால் பல வண்டிகளில் செல்போனிலேயே பார்க்கலாம். இனிமேல் டிரெய்லர் மாட்டினால் அது இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஆகவே ஓவரால் என்றால், வெறும் தட்டும் சீலும் மாற்றி மூடுவதை ஒப்புக்கொள்ள வேண்டாம். கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும். வால்வ் பாடியின் துளைகள் தேய்ந்திருக்கின்றனவா என்று அளக்க வேண்டும். பழைய கூலரைக் கழுவுவதைவிட மாற்றுவதே நல்லது, உடைந்த பெட்டியின் துகள் அதற்குள் தங்கி, புதுசாகச் செய்த பெட்டிக்கே திரும்பி வரும். ரேடியேட்டரும் பழசு என்றால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். கூடுதலாகத் தகடு அடுக்கு வகைக் கூலர் ஒன்றை வெளியே, காற்று படும் இடத்தில் போடச் சொல்லுங்கள். இழுவை வேலைக்கு இதைவிடப் பயனுள்ள உபரிச் செலவு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அப்புறம் உத்தரவாதச் சீட்டில் டிரெய்லர் இழுத்தாலும் செல்லும் என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் அவருக்கே தன் வேலையில் நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கும்தான். ஊருக்குள் ஓட்ட அது போதலாம், உங்கள் மலைக்கு வேண்டாம், அதன் கிளட்சும் இதே வயதுதான், எப்படி ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

என் முடிவு இது: எடை 1,700-க்குள், சேசிஸ் கெட்டி, இன்ஜினும் கூலிங்கும் நலம் என்றால் செலவு செய்யுங்கள். நன்றாகத் தெரிந்த பழைய வண்டி, தெரியாத இன்னொரு பழைய வண்டியைவிட மேல், இப்போது விற்றாலும் வழுக்கும் கியர்பாக்ஸ் விலையைக் கீழே இழுத்துவிடும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் இழுவைக்காக ஓவரால் வேண்டாம், நடுவழிச் சிகிச்சை போதுமானால் அதைச் செய்து டிரெய்லர் இல்லாமல் ஓட்டுங்கள், இல்லையென்றால் கோளாறைச் சொல்லியே விற்றுவிடுங்கள். எப்படியானாலும் அழுத்தம் சோதிக்கும் வரை படகை மாட்டாதீர்கள், இன்னும் ஒரு ஏற்றத்தில் அந்த நடுவழிச் சிகிச்சையோடு முடிகிற வேலை முழு ஓவராலாக மாறிவிடும்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் வண்டி வழியில் நின்றுவிட்டால் இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துப் போகலாமா?

பதில்: பொதுவாகக் கூடாது. கியர்பாக்ஸின் ஆயில் பம்பைச் சுற்றுவது இன்ஜின். அது நின்றிருக்கும்போது சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே இருக்கும் பாகங்கள் ஆயில் இல்லாமல் உராய்கின்றன. நியூட்ரலில் போட்டாலும் இதே கதைதான். நான்கு சக்கரமும் மேலே ஏறும்படி தட்டையான மேடை லாரியில் ஏற்றுங்கள். ஆபத்தான இடத்திலிருந்து ஓரமாக நகர்த்த வேண்டுமானால் மெதுவாகச் சில மீட்டர் இழுப்பது வேறு விஷயம்.

கேள்வி: என்னுடையது சிவிடி கியர்பாக்ஸ் உள்ள சின்ன எஸ்யூவி. கூடுதல் கூலர் போட்டால் கேரவன் இழுக்கலாமா?

பதில்: கையேடு அனுமதிக்கும் எடை வரைக்கும்தான். சிவிடியில் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓர் எஃகு பெல்ட்டோ சங்கிலியோ இறுக்கிப் பிடித்துத்தான் விசை கடக்கிறது. கூலர் ஆயிலின் சூட்டைக் குறைக்கும், பெல்ட்டின் பிடிப்பைக் கூட்டாது. கையேட்டில் இழுவையே கூடாது என்றிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: டிரெய்லர் இழுப்பதற்கான டோ/ஹால் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும்? ஏற்றத்தில் டி-யிலேயே விடலாமா?

பதில்: டிரெய்லர் மாட்டிக் கிளம்பும்போதே அழுத்திவிடுங்கள். அது மேல் கியருக்குப் போவதைத் தாமதப்படுத்தும், இறக்கத்தில் கீழ் கியரைப் பிடித்துக்கொள்ளும், பல வண்டிகளில் கன்வெர்ட்டரைச் சீக்கிரமே பூட்டும். பொத்தான் இல்லாத வண்டியில் கியர் மேலும் கீழும் மாறி மாறித் தத்தளித்தால் ஒரு கியர் குறைத்து அங்கேயே நிறுத்துங்கள். இன்ஜின் சத்தமாக ஓடுகிறதே என்று பயப்பட வேண்டாம், 3,500 ஆர்பிஎம்மில் பூட்டிய கன்வெர்ட்டரோடு ஏறுவது 2,000-த்தில் வழுக்கிக்கொண்டே ஏறுவதைவிடக் கியர்பாக்ஸுக்கு நல்லது. இறக்கத்தில் ஏறின அதே கியரில் இறங்குங்கள், பிரேக் சூடேறாமல் இருக்கும். கியர்பாக்ஸ் சூடு விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பார்க்கில் வைத்து இன்ஜினை ஓட விடுங்கள். உடனே அணைத்தால் பம்பும் நின்று கொதிக்கிற ஆயில் உள்ளேயே கிடக்கும், ஓடிக்கொண்டிருந்தால் கூலர் வழியாகச் சுற்றி ஆறும். விளக்கு அணைந்தபின் கிளம்பி, மீதி ஏற்றத்தை ஏசி இல்லாமல், கீழ் கியரில், மெதுவாக ஏறுங்கள்.